சின்டாக்ஸும் கான்ஃபிக் ஃபைலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரோகிராமிங் படிக்கிறவர்களும், சர்வர் வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளையும் கீவேர்டுகளையும் உச்சரிப்பாகத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது அவற்றின் ஆங்கில வடிவத்தைத் தட்டுங்கள்.

சின்டாக்ஸ் எரர் வந்தால் என் லாஜிக் தப்பு என்று அர்த்தமா?

இல்லை. உங்கள் லாஜிக் வரைக்கும் கம்ப்யூட்டர் வரவே இல்லை. சின்டாக்ஸ் என்றால் ஒரு மொழியை எழுதும் விதி. எழுதிய வரி அந்த விதிக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். ஒரு கமா, ஒரு கோலன், மூடாத ஒரு பிராக்கெட் போதும்.

இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால், வரக்கூடிய பிழைகளிலேயே நல்ல பிழை இதுதான். ஓடுவதற்கு முன்பே நிற்கிறது, வரி எண்ணும் சொல்கிறது. விதிப்படி சரியாக இருந்துகொண்டு, நீங்கள் நினைத்ததை விட்டு வேறொன்றைச் செய்யும் வரிதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். கீழே வரும் பதில்களில் பாதி அந்த ரகத்தைப் பற்றியதுதான்.

கம்ப்யூட்டர் ஒரு வரியை எப்படிப் படிக்கிறது?

இரண்டு கட்டமாக. முதலில் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரிக்கும்: இது பெயர், இது எண், இது கூட்டல் குறி. இந்தத் துண்டுகளுக்கு டோக்கன் என்று பெயர். அடுத்து, டோக்கன்கள் வந்த வரிசை மொழியின் விதிக்குள் வருகிறதா என்று பார்சர் பார்க்கும். வந்தால் மரம் போல ஓர் அமைப்பைக் கட்டும், வராவிட்டால் சின்டாக்ஸ் எரர்.

விதிகளைத் துல்லியமாக எழுதிவைக்க ஒரு முறை வேண்டும் அல்லவா? 1960-ல் வெளியான அல்கால் 60 அறிக்கையில் ஜான் பேக்கஸ், பீட்டர் நார் இருவர் பெயராலும் வழங்கும் குறியீட்டு முறை பயன்பட்டது. இன்றைக்கும் மொழிகளின் இலக்கணத்தை ஏறத்தாழ அந்த முறையில்தான் எழுதுகிறார்கள்.

பேக்கஸ் அதற்கு முன்பே ஐபிஎம்மில் உருவாக்கிய ஃபோர்ட்ரான் 1957-ல் வந்தது. அதில் ஸ்பேஸுக்கு மதிப்பே கிடையாது. «டூ 10 ஐ = 1,10» என்றால் 1 முதல் 10 வரை சுற்றும் லூப். கமாவுக்குப் பதில் புள்ளி வைத்து «டூ 10 ஐ = 1.10» என்று எழுதிவிட்டால், ஸ்பேஸை எல்லாம் விழுங்கிவிட்டு «டூ10ஐ» என்ற வேரியபிளில் 1.10-ஐ வைத்துவிடும். எரர் வராது. 1962-ல் மரினர் 1 விண்கலம் தோற்றதற்கு இந்தப் புள்ளிதான் காரணம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. அங்கே நடந்தது வேறு: வழிகாட்டும் சமன்பாட்டைப் படியெடுத்தபோது ஓர் எழுத்தின் மேல் இருக்கவேண்டிய கோடு விடுபட்டது.

12-வது வரியில் தப்பு என்கிறது. அந்த வரியில் ஒன்றுமே இல்லையே?

12-வது வரி என்பது பார்சர் திணறி நின்ற இடம். தப்பு நடந்த இடம் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும். 9-வது வரியில் திறந்த பிராக்கெட்டை நீங்கள் மூடவில்லை. 10, 11 இரண்டும் அந்த பிராக்கெட்டுக்குள் இருப்பதாகவே அது நினைத்துக்கொண்டு போகிறது. 12-ல் உள்ளே வரவே முடியாத ஒன்று வந்ததும் நிற்கிறது. அதனால் சொன்ன வரியைப் பாருங்கள், அப்புறம் மேலே ஏறிப் பாருங்கள்.

2021-ல் வந்த பைத்தான் 3.10-ல் இருந்து இந்தத் தொல்லை கொஞ்சம் குறைந்தது. எந்த பிராக்கெட் மூடப்படவில்லையோ அதையே சுட்டிக்காட்டும். 50 எரர் வந்தாலும் முதல் எரரை மட்டும் சரிசெய்து மறுபடி ஓட்டுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் வால்தான்.

ஒற்றை சமக்குறி, இரட்டை சமக்குறி: இதற்கு ஏன் இத்தனை அமர்க்களம்?

சி மொழியில் ஒற்றைக் குறி மதிப்பை வைக்கும், இரட்டைக் குறி ஒப்பிடும். இரண்டையும் இஃப் உள்ளே எழுதலாம், இரண்டும் சின்டாக்ஸ்படி சரி. வம்பு அங்கேதான்.

2003 நவம்பரில் லினக்ஸ் கெர்னல் சோர்ஸின் ஒரு நகலில் யாரோ இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால், தவறான ஆப்ஷன் வந்து, கூப்பிடுகிறவர் ரூட் பயனராகவும் இருந்தால் எரர் கொடு என்பது போல இருக்கும். பயனர் எண் 0 என்றால் ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள பயனர். ஆனால் அங்கே இருந்தது ஒற்றைச் சமக்குறி. அதாவது அந்த ஆப்ஷன்களோடு கூப்பிடுகிற எவரையும் அந்த வரி ரூட் ஆக்கிவிடும்! ஒரு பிராக்கெட்டுக்குள் வைத்திருந்ததால் கம்பைலரும் எச்சரிக்காது. மூல ரெபாசிட்டரியில் இல்லாத மாற்றம் நகலில் மட்டும் இருந்ததால் மாட்டிக்கொண்டது. இல்லையென்றால் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பைத்தான் இஃப் உள்ளே ஒற்றைக் குறியை எழுதினால் அங்கேயே சின்டாக்ஸ் எரர். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள்.

பைத்தானில் ஸ்பேஸ் விட்டால் குற்றமா?

பெரும்பாலான மொழிகளில் ஒரு பிளாக் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை பிராக்கெட் சொல்லும். பைத்தானில் வரியின் முன்னால் விடும் இடைவெளி சொல்கிறது.

```
இஃப் மதிப்பெண் >= 35:
    பிரிண்ட்("தேர்ச்சி")
பிரிண்ட்("முடிந்தது")
```

மூன்றாவது வரியை 4 ஸ்பேஸ் உள்ளே தள்ளினால், தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும்தான் «முடிந்தது» வரும். இரண்டு விதமும் சின்டாக்ஸ்படி சரி, எரர் எதுவும் வராது. டேபையும் ஸ்பேஸையும் குழப்பமாகக் கலந்தால் பைத்தான் 3 மறுத்துவிடும். எடிட்டரில் டேப் அழுத்தினால் 4 ஸ்பேஸ் விழும்படி வைத்துவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

மேக்ஃபைலில் மட்டும் டேப்தான் வேண்டும் என்கிறதே?

ஆமாம், நேர் எதிர். மேக்ஃபைலில் சொன்ன கட்டளைகளை ஓட்டி ப்ரோகிராமைக் கட்டித்தரும் மேக் கருவியை 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். கட்டளை வரிகள் டேபில் தொடங்க வேண்டும் என்பது அவசரத்தில் எடுத்த முடிவு. மாற்றலாம் என்று நினைத்தபோது ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாராம். அந்தப் பத்துப் பேருக்காக உலகமே டேப் அடித்துக்கொண்டிருக்கிறது. «செப்பரேட்டர் இல்லை» என்று மேக் சொன்னால் டேப் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஷெல் ஸ்கிரிப்டில் «ஏ = 5» என்றால் கமாண்ட் இல்லை என்கிறது. ஏன்?

டெர்மினலில் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டுவது ஷெல். அதற்கு ஸ்பேஸ் என்பது துண்டு பிரிக்கும் கத்தி. ஸ்பேஸோடு எழுதினால் «ஏ» என்ற கமாண்டை, சமக்குறி, 5 என்ற இரண்டு ஆர்கியுமென்ட்களோடு ஓட்டச் சொல்கிறீர்கள். ஒட்டி எழுதினால்தான் வேரியபிள்.

அதே ஷெல்லில் சதுர பிராக்கெட்டுக்கு உள்ளே ஸ்பேஸ் கட்டாயம். காரணம், அந்தத் திறக்கும் பிராக்கெட்டே ஒரு கமாண்டின் பெயர். அதை ஒட்டி எழுதினால் பெயரே மாறிவிடுகிறது. இது தெரிந்த பிறகு ஷெல் மேல் கோபம் பாதி குறையும். மீதி பாதி குறையாது.

கான்ஃபிக் ஃபைல் வெறும் செட்டிங்தானே, அதற்கும் இலக்கணமா?

அதையும் ஒரு பார்சர்தான் படிக்கிறது. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் கான்ஃபிக்கில் இருந்து இரண்டு வரி (இங்கே ரூட் என்பது தளத்தின் ஃபோல்டரைச் சொல்லும் கட்டளை):

```
ரூட் /தளம்/பொது
இண்டெக்ஸ் முகப்பு.எச்டிஎம்எல்;
```

முதல் வரியின் முடிவில் செமிகோலன் இல்லை. என்ஜின்எக்ஸுக்கு வரி முடிவு ஒரு பொருட்டே அல்ல, செமிகோலன் வந்தால்தான் கட்டளை முடியும். ஆகவே இரண்டு வரியையும் சேர்த்து ஒரே ரூட் கட்டளையாகப் படிக்கிறது. ஒரு பாதை கேட்ட இடத்தில் மூன்று சொற்கள். «ரூட் கட்டளைக்கு ஆர்கியுமென்ட் எண்ணிக்கை சரியில்லை» என்று சொல்லி, இரண்டாவது வரியின் எண்ணைக் காட்டும். செமிகோலன் என்ற பேச்சே அதில் இருக்காது. இப்படிப்பட்ட மெசேஜை வாசிக்கும்போது «இவன் எதை எதோடு சேர்த்துப் படித்திருப்பான்?» என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும்.

ஜேசன் ஃபைலில் கமென்ட் எழுத முடியாதா? கடைசி கமாவுக்கு ஏன் கோபம்?

முடியாது. தரவை எழுத்தாக எழுதிவைக்கும் ஜேசன் ஃபார்மட்டை வகுத்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட் கமென்ட்டைத் தெரிந்தேதான் எடுத்தார். சிலர் கமென்ட்டுக்குள் பார்சருக்கான உத்தரவுகளை எழுத ஆரம்பித்தார்கள், அது பரவினால் ஒரு ப்ரோகிராம் எழுதியதை இன்னொன்று படிக்க முடியாமல் போகும் என்பது அவர் சொன்ன காரணம். ப்ரோகிராமும் ப்ரோகிராமும் பேசிக்கொள்ள அது நியாயமான முடிவு. மனிதர்கள் கையால் திருத்தும் கான்ஃபிக்குக்கு ஜேசனை எடுத்தது நம் தப்பு.

கடைசி உறுப்புக்குப் பின் கமா கூடாது. ஒற்றைக் கொட்டேஷன் கூடாது, இரட்டைதான். விஎஸ் கோடின் செட்டிங்ஸ் ஃபைலில் கமென்ட் எழுத முடிகிறதே என்றால், அது கமென்ட்டை அனுமதிக்கும் தளர்ந்த வகை. அதைப் பார்த்துப் பழகி, மற்ற இடத்தில் எழுதிவிட்டு முழிப்பவர்கள் நிறைய.

யாமல் ஃபைலில் எரரே வரவில்லை, ஆனால் மதிப்பு மாறிவிடுகிறது. பேயா?

பேய் இல்லை, யாமல். கான்ஃபிக் எழுதப் பயன்படும் இன்னொரு ஃபார்மட். இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு கிளை அலுவலகத்தின் விவரம்:

```
ஊர்: சென்னை
எஸ்டிடி: 044
திறப்பு: 09:30
மூடல்: 18:30
பதிப்பு: 3.10
```

பைத்தானில் பலரும் பயன்படுத்தும் பையாமல் லைப்ரரி கொண்டு இதைப் படித்தால் கிடைப்பது இது:

```
எஸ்டிடி → 36
திறப்பு → "09:30"
மூடல் → 1110
பதிப்பு → 3.1
```

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 0-வில் தொடங்கும் எண்ணை யாமல் 1.1 எட்டடிமான எண்ணாக எடுக்கும். நாலு எட்டு முப்பத்திரண்டு, கூட 4, ஆக 36. எண்ணில் 8 அல்லது 9 இருந்தால் எட்டடிமானம் ஆக முடியாது, எழுத்துச் சரமாகவே நின்றுவிடும். எனவே சில ஊர்களின் கோடு சரியாக வரும், சில ஊர்களுடையது வராது. கோலனால் பிரித்த எண்கள் 60-அடிமானம்: 18 × 60 + 30 = 1110. திறப்பு நேரம் மட்டும் எப்படித் தப்பியது? அந்த விதிக்கு முதல் இலக்கம் 1 முதல் 9-க்குள் இருக்க வேண்டும், 09 அதில் அடங்காது. 3.10 என்பது தசம எண், கடைசிச் சுழியத்துக்கு மதிப்பில்லை. பைத்தான் 3.10 வந்தபோது தானியங்கி டெஸ்ட் கான்ஃபிக்கில் அதைக் கொட்டேஷன் இல்லாமல் எழுதியவர்களுக்கு, எப்போதோ காலாவதியான 3.1-ஐத் தேடிக்கொண்டு அது நின்றது.

இன்னொரு பிரபலமான கதை நார்வே. அந்த நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு «என் ஓ». யாமல் 1.1-ல் அது «இல்லை» என்ற பூலியன் (ஆம்/இல்லை) மதிப்பு. நாடுகளின் பட்டியலில் நார்வே இருந்த இடத்தில் ஃபால்ஸ் உட்கார்ந்திருக்கும்.

2009-ல் வந்த யாமல் 1.2 இவற்றைத் திருத்தியது. ட்ரூ, ஃபால்ஸ் மட்டும்தான் பூலியன், 60-அடிமானம் கிடையாது, எட்டடிமானத்துக்குத் தனி முன்னொட்டு. 3.10 மட்டும் அதிலும் 3.1-தான். பையாமல் இன்னும் 1.1 வழியிலேயே போகிறது. ஆகவே ஒரே ஃபைல் ஒரு லைப்ரரியில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் வரலாம். கன்டெய்னர்களை ஓட்டும் டோக்கர் கம்போஸின் யாமல் ஃபைலில் 22:22 என்ற போர்ட் வரியைக் கொட்டேஷனுக்குள் போடச் சொல்வதும் இதற்காகத்தான். 8080:80 தப்பித்துவிடும், ஏனென்றால் 80 என்பது 59-ஐத் தாண்டிவிடுகிறது. இப்படியொரு விதியை நினைவில் வைத்துக்கொண்டு யார் வேலை பார்ப்பது? கணக்குப் போட வேண்டிய எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் போட்டுவிடுங்கள். ஃபோன் நம்பர், நேரம், பதிப்பு எண், நாட்டுக் குறியீடு எதுவுமே கணக்குப் போடுகிற எண் இல்லை.

உள்தள்ளலுக்கு யாமலில் டேப் கூடவே கூடாது. அதற்காவது எரர் வரும்.

அப்படியானால் எந்த ஃபார்மட் நல்லது?

தேர்வு உங்கள் கையில் இருந்தால் டாமல். 2013-ல் டாம் பிரஸ்டன்-வெர்னர் தொடங்கியது, 2021-ல் 1.0 ஆனது. கமென்ட் உண்டு, சரத்துக்குக் கொட்டேஷன் கட்டாயம், உள்தள்ளலுக்குப் பொருள் இல்லை. பைத்தான் 3.11-ல் இருந்து அதைப் படிக்கத் தனி லைப்ரரி தேவையில்லை. ஆழமாக அடுக்கிப்போகும் கான்ஃபிக்குக்கு மட்டும் அது கண்ணுக்கு அலுப்பு. ஐஎன்ஐ ஃபைல் எளிமைதான், ஆனால் அதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு விதிமுறை கிடையாது. பெரும்பாலும் தேர்வு நம் கையில் இருக்காது, கருவி கேட்பதைத்தான் எழுதியாக வேண்டும்.

வேர்ட் டாக்குமென்ட்டில் இருந்து காப்பி பண்ணினேன். அச்சு அசல் அதேதான், ஆனால் ஓடவில்லை.

கண்ணுக்கு அதே. நேரான கொட்டேஷனை வேர்ட் வளைந்த கொட்டேஷனாக மாற்றியிருக்கும். ஐஃபோன் கீபோர்டும் இதைச் செய்யும். இரண்டு ஹைஃபன் ஒரு நீளக் கோடாகியிருக்கும், அப்போது ஆப்ஷன் என்று ஷெல்லுக்குத் தெரியாது. வெப் பக்கத்தில் இருந்து வந்த ஸ்பேஸ் சாதாரண ஸ்பேஸாக இல்லாமல் வரியை உடைக்காத ஸ்பேஸாக இருக்கலாம். விண்டோஸில் சேமித்த ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டினால் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு கூடுதல் எழுத்து ஒட்டிக்கொண்டு, «இன்டர்ப்ரிட்டர் இல்லை» என்று வரும். எடிட்டரில் மறைந்த எழுத்துகளைக் காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த வரியை அழித்துவிட்டுக் கையால் தட்டுவதே வேகமான வழி.

வேரியபிள் பெயரையும் கான்ஃபிக் கீயையும் தமிழில் வைக்கலாமா?

ஜேசன், யாமல் இரண்டிலும் தாராளமாக. பைத்தான் 3-ல் வேரியபிள் பெயருக்கும் தடை இல்லை. பாஷ் ஷெல் ஒப்பாது. டாமலில் கீயைக் கொட்டேஷனுக்குள் வைத்தால் ஒப்பும். ஆனால் தமிழுக்கே உரிய இரண்டு கண்ணிகள் உண்டு, தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

«கொ» என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒரே எழுத்தாக வரலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பைத்தானில் நீளம் கேட்டால் முதலாவதற்கு 2, இரண்டாவதற்கு 3 என்று வரும். «கொள்முதல்» என்ற கீயை ஒருவர் ஒரு விதமாகத் தட்ட, கோடில் இன்னொருவர் வேறு விதமாகத் தட்டியிருந்தால், கீ கிடைக்கவில்லை என்றுதான் பதில் வரும். வேடிக்கை என்னவென்றால், வேரியபிள் பெயராக எழுதினால் பைத்தான் தானே இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும். கொட்டேஷனுக்குள் இருக்கும் சரத்தைத் தொடாது. படித்தவுடன் யூனிகோடின் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்து, இரண்டையும் ஒரே வடிவமாக்கிவிட்டால் இந்தக் கண்ணி தீரும்.

அடுத்தது அதிலும் தீராது. «கௌசல்யா»வை ஔகாரக் குறியோடு எழுதலாம். பலர் கொம்பு, அப்புறம் ள என்ற எழுத்து என்று தட்டி «கெளசல்யா» ஆக்கிவிடுவார்கள். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், யூனிகோடுக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். தேடினால் ஆள் கிடைக்க மாட்டார். பெயர்ப் பட்டியலைக் கையாளும் யாரும் இதற்கென்று தனியாக ஒரு சோதனை எழுதிக்கொள்வது நல்லது.

தமிழ் எண்களைப் பற்றியும் கேட்பார்கள். «௧௨௩» என்ற சரத்தைப் பைத்தானின் இன்ட் செயல்பாட்டுக்குக் கொடுத்தால் ஒழுங்காக 123 தரும். கோடில் எண்ணாகவே நேரடியாக எழுதினால் சின்டாக்ஸ் எரர். பத்தைக் குறிக்கும் ௰ இரண்டு இடத்திலும் எடுபடாது.

முழுத் தமிழில் எழுதும் புரோகிராமிங் மொழி உண்டா?

உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், பைத்தான் மேல் கட்டப்பட்டது. அதில் திரையில் காட்ட «பதிப்பி» என்பார்கள். இஃப் அமைப்பில் நிபந்தனை முதலில் வரும், «ஆனால்» பின்னால் வரும். ஆங்கிலக் கீவேர்டுகளை வரிசை மாறாமல் தமிழாக்காமல், நாம் பேசும் வரிசையிலேயே இலக்கணத்தை அமைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

கான்ஃபிக்கை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன், சர்வர் எழவே இல்லை. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி?

ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் உண்டு. என்ஜின்எக்ஸ், தொலைவில் இருந்து லாகின் செய்ய உதவும் எஸ்எஸ்எச் சர்வர் இரண்டுக்கும் ஹைஃபன் சேர்த்த சின்ன «டி» ஆப்ஷன் (டெஸ்ட் என்பதன் முதலெழுத்து). அப்பாச்சி வெப் சர்வருக்கு «கான்ஃபிக்டெஸ்ட்». யாருக்கு ரூட் அதிகாரம் என்று சொல்லும் சூடோ ஃபைலை வெறும் எடிட்டரில் திறக்கவே திறக்காதீர்கள், «விசூடோ» மூலம் திருத்துங்கள், தப்பு இருந்தால் சேமிக்கும் முன் நிறுத்திக் கேட்கும்.

ரீஸ்டார்ட்டுக்குப் பதில் ரீலோட் போதுமா என்று முதலில் பாருங்கள். ரீலோட் சொன்னால் என்ஜின்எக்ஸ் புதிய கான்ஃபிக்கைப் படித்துப் பார்க்கும், தப்பு இருந்தால் பழையதோடு ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்எச் கான்ஃபிக்கைத் தொடும்போது இருக்கும் கனெக்‌ஷனை மூடாமல், இன்னொரு டெர்மினலில் உள்ளே வர முடிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.

சோதனையில் பாஸ், ரீலோடும் ஆயிற்று. ஆனாலும் மாற்றம் பலிக்கவில்லை?

அதே செட்டிங் வேறொரு இடத்திலும் இருக்கிறதா என்று தேடுங்கள். எது ஜெயிக்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். எஸ்எஸ்எச் சர்வரில் ஒரு செட்டிங் இரண்டு முறை வந்தால் முதலில் வந்ததுதான் செல்லும். உபுண்டுவில் கூடுதல் ஃபைல்களைச் சேர்க்கும் வரி கான்ஃபிக்கின் உச்சியிலேயே இருப்பதால், நீங்கள் கீழே எழுதிய «பாஸ்வேர்ட் லாகின் வேண்டாம்» என்பது அங்கிருக்கும் «வேண்டும்» என்பதிடம் தோற்றுவிடும். சூடோவில் தலைகீழ், கடைசியாகப் பொருந்திய வரிதான் செல்லும். ஒரே கீ இரண்டு முறை இருந்தால் பெரும்பாலான ஜேசன் பார்சர்கள் சத்தமில்லாமல் கடைசியை எடுத்துக்கொள்ளும், பையாமலும் அப்படியே. எஸ்எஸ்எச் சர்வர் கடைசியில் எதை எடுத்துக்கொண்டது என்பதை அதனிடமே கேட்கலாம்: ஹைஃபன் சேர்த்த பெரிய «டி» ஆப்ஷன் போட்டால் முழுப் பட்டியலையும் காட்டும். என்ஜின்எக்ஸில் அதே பெரிய «டி», சேர்க்கப்பட்ட எல்லா ஃபைல்களையும் ஒன்றாகக் கொட்டும்.